கொத்தனார் மகன் டாக்டர் ஆனார்



நம் சங்க மலரில் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம் பெறுவது வழக்கம். அவை பெரும்பாலும் நாம் பள்ளி நாளிலேயே கேட்டுப் பழகிய பெயர்கள். இவ்வாண்டு அப்பொறுப்பு என்னிடம் வந்தபோது, கடல்கள் பல கடந்த ஒரு சிறு தீவில் பிறந்து, நூறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்த ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் ஹோசே செல்சோ பார்போசா. போர்ட்டோ ரிக்கோத் தீவில் அவரை அறியாதவர் அரியர். நம் விடுதியில் அவரை அறிந்தவர் அரியர். அவரை ஏன் தேர்ந்தேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது என் சொந்தக் கதை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் கொத்தனார். தாயார் அவரோடு சித்தாள் வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். என் தந்தையார் கல்லூரிக் கட்டடங்களுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார். சுவர் எழும்பிய பின் அவற்றின் உள்ளே போனதில்லை. தமிழ் வழியில் படித்து, நுழைவுத் தேர்வில் தேறி, இந்த வடபுலத்துப் பல்கலைக் கழகத்துக்கு மருத்துவம் படிக்க வந்தேன். முதலாண்டிலேயே உடற்கூற்றியல் தேர்வில் தோற்றேன். பாடம் விளங்காமல் தோற்றேன் என்று சொல்ல மாட்டேன். வாய்மொழித் தேர்வில் விடை நெஞ்சில் இருந்தது. ஆங்கிலம் நாவில் வரவில்லை. நான் தடுமாறியதைக் கண்டு உடன் நின்றவர்களில் இருவர் சிரித்தனர். அன்று இரவே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

மறுநாள் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரயில் ஏறுவதாகத் தீர்மானம். எழுத்தர் வரும்வரை காத்திருந்த நேரத்தில், எதிரே இருந்த அலமாரியிலிருந்து மருத்துவ வரலாறு பற்றிய நூல் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். அதில் அரைப் பக்க அளவில் பார்போசாவைப் பற்றிய குறிப்பு இருந்தது. தந்தை கொத்தனார் என்ற இடத்தில் என் கண் நின்றது. அன்று நான் இரயில் ஏறவில்லை. பிறகு கிடைத்த இடங்களிலெல்லாம் தேடிப் படித்துச் சேர்த்ததே இக்கட்டுரை.

தீவும் குடும்பமும்

போர்ட்டோ ரிக்கோ கரிபியன் கடலில் உள்ள தீவு. நீளம் சுமார் 100 மைல். அகலம் சுமார் 35 மைல். 1493இல் கொலம்பஸ் அங்கே வந்து இறங்கினார். அதன் பின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அது ஸ்பெயின் நாட்டின் ஆட்சியில் இருந்தது. மக்கள் பேசும் மொழி ஸ்பானிஷ். 19ஆம் நூற்றாண்டில் கரும்பும் காப்பியுமே அத்தீவின் செல்வம். அச்செல்வம் யார் உழைப்பால் விளைந்ததோ அவர்களுக்கு அதில் பங்கு இல்லை. கரும்புத் தோட்டங்களில் வெயிலில் நின்று உழைத்தவர்களுள் பலர் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட அடிமைகள். அல்லது அவர்களுடைய பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். அடிமை அல்லாத கறுப்பரும் கலப்பினத்தாரும் அங்கே பெருந்தொகையினர். அவர்கள் கைத்தொழில் செய்து பிழைத்தனர். யாருக்கும் அடிமை அல்லர். ஆயினும் வெள்ளையர்க்குச் சமமானவரும் அல்லர். அத்தகைய ஒரு குடும்பத்தில்தான் பார்போசா பிறந்தார்.

அவர் பிறந்த நாள் 1857 ஜூலை 27. ஊர் பயமோன். தலைநகரான சான் ஹுவானிலிருந்து விரிகுடாவைக் கடந்தால் அவ்வூரை அடைந்துவிடலாம். தந்தை எர்மோஹெனெஸ் பார்போசா செங்கல் அடுக்கிச் சுவர் கட்டும் கொத்தனார். தாய் கார்மென் அல்காலா. பார்போசா பிறப்பதற்குச் சற்று முன்னர், 1855, 1856ஆம் ஆண்டுகளில், காலரா நோய் அத்தீவில் புகுந்து பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. எல்லாரையும் அது ஒன்றுபோல் தாக்கவில்லை. அடிமைக் குடிசைகளிலும் ஏழைகளின் சேரிகளிலும் சாவு மிகுதி. அக்காலத்தில் அந்நோயைத் தடுத்து நிறுத்தும் வழி எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனினும், நோயுற்றவன் பக்கத்தில் ஒரு வைத்தியர் வந்து உட்காருவதுகூடப் பணம் உள்ளவனுக்கே கிடைத்த ஆறுதலாக இருந்தது.

அடிமை முறை போர்ட்டோ ரிக்கோவில் சட்டப்படி ஒழிந்தது 1873 மார்ச் 22ஆம் நாள். அன்று பார்போசாவுக்கு வயது பதினைந்து. அதாவது, அவர் எழுத்துக் கற்று, எண் கற்று, புத்தகப் பையுடன் பள்ளிக்கு நடந்த ஆண்டுகளிலெல்லாம், தம் நிறத்தை ஒத்த மக்கள் விலைக்கு விற்கப்படுவதைச் சட்டம் அனுமதித்திருந்தது. சுமார் 30,000 அடிமைகள் அன்று விடுதலை பெற்றனர். விடுதலை என்றாலும், மேலும் மூன்று ஆண்டுகள் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. நட்ட ஈடும் கொடுக்கப்பட்டது. கொடுத்தது அடிமைகளுக்கு அன்று. அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு!

சிற்றன்னையின் பிடிவாதம்

பெரியவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்கள் பின்னால் ஒரு பெண்மணி நிற்பதைப் பல இடங்களில் காண்கிறோம். பார்போசாவுக்கு அவ்வாறு வாய்த்தவர் தாயின் உடன்பிறந்தவரான லூசியா அல்காலா. ஊரார் அவரை மாமா லூசியா என்று அழைத்தனர். ஸ்பானிஷ் மொழியில் மாமா என்றால் அம்மா. நம் மாமா அன்று. லூசியா அம்மாள் தம் அக்குடும்பத்துப் பையன் கரணை பிடிக்கக் கூடாது, புத்தகம் பிடிக்க வேண்டும் என்று உறுதி கொண்டார். வீட்டுக்கு வருவாய் தேடித் தரும் வயது வந்த பையனை மேலும் மேலும் படிக்க வைப்பது ஏழைக் குடும்பத்துக்கு எத்தகைய சுமை என்பதை நம்மில் சிலர் நன்கு அறிவோம். பையன் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அவன் கொண்டுவந்திருக்கக் கூடிய கூலி வீட்டுக்கு நட்டம். அந்நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும் நெஞ்சு லூசியா அம்மாளுக்கு இருந்தது.

தொடக்கப் படிப்பு முடிந்தது. அடுத்த படி சான் ஹுவானில் இயேசு சபைப் பாதிரிமார் நடத்திய செமினரிப் பள்ளி. தீவில் அந்நாளில் உயர்ந்த கல்வி கிடைத்த இடம் அது. வசதி படைத்த வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் படித்த இடம். அதுவரை ஆப்பிரிக்க வழி வந்த மாணவன் எவனும் அங்கே படித்ததில்லை. பார்போசாவே முதல்வர். வகுப்பில் தம்மைப் போன்ற முகம் இன்னொன்று இல்லாமல், அந்த நீண்ட ஆண்டுகளை அவர் கழித்தார். 1875இல் அப்படிப்பையும் முடித்தார்.

அதற்கு மேல்? அதற்கு மேல் தீவில் ஒன்றும் இல்லை. போர்ட்டோ ரிக்கோவில் பல்கலைக் கழகம் தோன்றியதே 1903இல்தான். மருத்துவம் படிக்க விரும்பிய செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கப்பலேறி ஸ்பெயினுக்கும் பாரிசுக்கும் சென்றனர். அடிமை ஒழிப்புக்காகப் போராடிய டாக்டர் பெட்டான்சேஸ் பாரிசில் படித்தவரே. கொத்தனார் மகனுக்குப் பாரிஸ் ஏது?

கப்பல், பனி, காய்ச்சல்

பார்போசா பிள்ளைகளுக்குத் தனியே பாடம் சொல்லிக் கொடுத்தார். வந்த காசைச் செலவழிக்காமல் சேர்த்தார். 1875இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். சான் ஹுவானிலிருந்து நியூயார்க் சுமார் 1,600 மைல். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. ஸ்பானிஷ் தெரியும், பாதிரிமாரிடம் கற்ற பாடங்கள் தெரியும், ஆங்கிலம் தெரியாது.

நண்பர்களே, இந்த இடத்தை நான் பலமுறை படித்தேன். நமக்காவது பள்ளியில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தது. எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்துதான் இங்கே வந்தோம். அவர் ஓர் ஆயத்தப் பள்ளியில் சேர்ந்து ஆங்கிலத்தைத் தொடக்கத்திலிருந்து கற்றார். ஓராண்டில் கற்றுத் தேர்ந்தார். தெருவில் கேட்பதும் ஆங்கிலம், கடையில் கேட்பதும் ஆங்கிலம், தம் மொழியில் ஒரு சொல் பேச ஆள் கிடைப்பது அரிது என்ற நிலை ஒருவனை வாட்டும். அதே நிலை அவனுக்கு ஆசிரியராகவும் அமையும். பார்போசாவுக்கு அது ஆசிரியராக அமைந்தது.

அந்நாளில் அவர் எண்ணம் மருத்துவத்தில் இல்லை. சட்டம் படித்து வழக்கறிஞர் ஆகவே விரும்பினார். அதை மாற்றியது ஒரு நோய். உறைபனி அறியாத தீவில் வளர்ந்த உடம்பை நியூயார்க்கின் குளிர் தாக்கியது. நிமோனியாக் காய்ச்சல் கண்டது. நிமோனியா அன்று இளைஞர்களையும் எளிதில் கொன்ற நோய். அதற்கு ஏற்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வழக்கத்துக்கு வர இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. படுக்க வைத்து, உணவும் நீரும் கொடுத்து, அருகிருந்து பார்த்துக்கொள்வதே பெரும்பாலும் வைத்தியம். பார்போசா பிழைத்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், அவ்விளைஞரின் அறிவைக் கண்டு, மருத்துவம் படிக்குமாறு யோசனை கூறினார். நோயாளியாய்க் கிடந்த இடத்தில் எதிர்காலம் தீர்மானமாயிற்று.

வழி காட்டும் ஒருவர் இல்லாத குடும்பத்தில் பிறந்தவனுக்கு இத்தகைய ஒரு சொல் எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு உணவு மேசையிலேயே எல்லாம் தெரிந்துவிடும். எந்தப் பள்ளி, எந்தத் தேர்வு, எப்போது விண்ணப்பம், எவ்வளவு பணம் என்பனவெல்லாம் பேச்சோடு பேச்சாகக் காதில் விழும். நம் போன்றோர்க்கு அவற்றை யாராவது வலிய வந்து சொன்னால்தான் உண்டு. பெயர் அறியாத அந்த டாக்டரை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

மூடிய கதவும் திறந்த கதவும்

நியூயார்க்கில் கொலம்பியாவைச் சேர்ந்த மருத்துவக் கல்லூரி இருந்தது. பார்போசா அங்கே இடம் தேடினார். நிறத்தின் காரணமாக இடம் மறுக்கப்பட்டது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அடிமை முறையை எதிர்த்து ஓர் உள்நாட்டுப் போரையே நடத்தி முடித்த நாடு அது. போர் முடிந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் சட்டத்தில் ஒழிந்த ஒன்று மனத்திலிருந்து ஒழிய நெடுநாள் ஆகிறது. செமினரியில் முதல்வராய் நுழைந்ததும், ஆங்கிலம் கற்றதும், நோயிலிருந்து மீண்டதும் தோலின் நிறத்துக்கு முன்னால் செல்லாக் காசாயின.

அவர் தீவுக்குத் திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் வேறு கதவைத் தட்டினார். நியூயார்க்கிலிருந்து சுமார் 600 மைல் தொலைவில், மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் என்ற சிறு நகரில் ஒரு பல்கலைக் கழகம் இருந்தது. அதன் மருத்துவப் பள்ளி 1850இல் தொடங்கியது. 1869இல் அப்பல்கலைக் கழகம் தனக்கென ஒரு மருத்துவமனை அமைத்துக்கொண்டது. அமெரிக்காவில் பல்கலைக் கழகமே நடத்திய மருத்துவமனைகளுள் அதுவே முதலாவது. 1870 முதல் அங்கே பெண்களும் சேர்க்கப்பட்டனர். 1872இல் ஃபிட்ஸ்பட்லர் என்ற கறுப்பின மாணவர் அங்கே மருத்துவப் பட்டம் பெற்றிருந்தார். முன்னே ஒருவர் நடந்திருந்ததனால் பாதை இருந்தது. 1877இல் பார்போசா அங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

அன்றைய மருத்துவக் கல்வியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அந்நாளில் டாக்டர் பட்டம் பெறுவது பல இடங்களில் மிக எளிது. சில மாதங்கள் சொற்பொழிவு கேட்பது. அடுத்த ஆண்டு அதே சொற்பொழிவுகளை மறுபடி கேட்பது. அவ்வளவில் பட்டம் கையில் வந்துவிடும். நோயாளியைத் தொட்டுப் பாராமலே டாக்டர் ஆனவர்கள் உண்டு. மிச்சிகன் அவ்வழியை விட்டு விலகத் தொடங்கிய பள்ளிகளுள் ஒன்று. பார்போசா சேர்ந்த 1877ஆம் ஆண்டில்தான் அங்கே கல்வியாண்டு ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதமாக நீட்டப்பட்டது. மருத்துவமனை பக்கத்திலேயே இருந்ததால் நோயாளிகளைப் பார்த்துப் படிக்க வழி இருந்தது. அக்காலமோ மருத்துவத்தில் பெரும் மாறுதல் நிகழ்ந்த காலம். அறுவைச் சிகிச்சையில் புண் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையை லிஸ்டர் 1867இல் வெளியிட்டிருந்தார். ஆந்த்ராக்ஸ் நோய்க்குக் காரணமான கிருமியைக் கோக் 1876இல் விளக்கியிருந்தார். நோய் என்பது கெட்ட காற்றால் வருவதா, கண்ணுக்குத் தெரியாத உயிரால் வருவதா என்று உலகமே வாதிட்டுக்கொண்டிருந்த வேளையில், கரும்புத் தீவிலிருந்து வந்த இளைஞர் இரண்டாம் மொழியில் அவ்வாதங்களைக் கேட்டுக் குறிப்பெடுத்தார்.

1880இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார் என்று வரலாறு கூறுகிறது. அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் போர்ட்டோ ரிக்கோ மக்களுள் அவர் ஒருவர். வயது இருபத்திரண்டு.

தாய்நாடு தந்த வரவேற்பு

பட்டம் பெற்றவர் ஊர் திரும்பினார். கதை இங்கே இன்பமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தீவை ஆண்ட ஸ்பெயின் அரசு அவர் பட்டத்தை ஏற்க மறுத்தது. ஐரோப்பியப் பல்கலைக் கழகப் பட்டம் அன்று என்பது காரணம். அமெரிக்காவில் நிறம் தடையாயிற்று; தாய்நாட்டில் அமெரிக்காவே தடையாயிற்று! இறுதியில் தீவில் இருந்த அமெரிக்கக் கான்சல் தலையிட்டார். அதன் பின்னரே பட்டம் ஏற்கப்பட்டு, பார்போசா மருத்துவத் தொழில் செய்ய அனுமதி கிடைத்தது.

தொழில் தொடங்கியவர் தீவின் பல பகுதிகளிலும் வைத்தியம் பார்த்தார். அவர் செய்தவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது ஒன்று உண்டு. கூலிக்காரன் நோயுற்றால் அவனுக்கு இரட்டை இடி. அன்றைய கூலி போகிறது. அதோடு வைத்தியச் செலவும் வந்து சேருகிறது. ஆகவே அவன் நோய் முற்றும்வரை டாக்டரிடம் வருவதில்லை. வரும்போது டாக்டரால் செய்யக்கூடியது குறைவு. பார்போசா இதற்கு ஒரு வழி கண்டார். வேலைக்காரர்களின் வைத்தியத்துக்காக முதலாளி முன்கூட்டியே ஒரு தொகை கட்டிவிட வேண்டும். பின்னர் வேலைக்காரன் நோயுறும்போது அவனுக்கு வைத்தியம் கிடைக்கும். இன்று நாம் மருத்துவக் காப்பீடு என்கிறோமே, அதன் விதை இதுவே. அத்தீவில் இம்முறையைப் புகுத்தியவர் அவர்தாம். கொத்தனார் வீட்டில் பிறக்காத ஒருவருக்கு இந்த யோசனை தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கலாம். ஆனால் சாரத்திலிருந்து ஒருவர் தவறி விழுந்தால் அடுத்த வேளை உலை என்னவாகும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. வீட்டில் இருந்து அறிவது வேறு.

1893இல் அவர் வேறு சிலருடன் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கமும் தொடங்கினார். போர்ட்டோ ரிக்கோவின் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் அது ஒன்று. ஏழைகளின் சிறு சேமிப்பு ஒன்று சேர்ந்தால் அது ஒரு வலிமை ஆகும் என்பதே அதன் கருத்து. பாடம் சொல்லிச் சேர்த்த காசில் கப்பலேறியவருக்குச் சிறு சேமிப்பின் அருமை தெரியாமல் இருக்குமா?

குண்டு மழையில் ஒரு படகு

1898இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. மே 12ஆம் நாள் அமெரிக்கக் கடற்படை சான் ஹுவான் நகர்மீது குண்டு மாரி பொழிந்தது. பார்போசா அப்போது பயமோனில் இருந்தார். செஞ்சிலுவைச் சங்க உறுப்பினர். நகரத்தில் காயம் பட்டவர்களுக்கு வைத்தியம் செய்ய வேண்டும், நடுவே விரிகுடா. குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே, அவரும் உடன் உழைத்தவர்களும் படகேறிக் கடந்து சென்றனர். இச்செயலுக்காக ஸ்பெயின் அரசு அவர்களுக்குச் செஞ்சிலுவை விருது அளித்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பட்டத்தை ஏற்க மறுத்த அதே அரசு!

அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள் அமெரிக்கப் படை தீவில் இறங்கியது. டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கைப்படி போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் கைக்கு மாறியது. பார்போசா அதற்கு முன்னரே தன்னாட்சி கேட்ட கட்சியில் உழைத்தவர். இப்போது அவர் 1899 ஜூலை 4ஆம் நாள் குடியரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் மாநிலங்களுள் ஒன்றாகச் சம உரிமையுடன் சேர வேண்டும் என்பது அவர் கொள்கை. 1900 முதல் 1917 வரை தீவின் நிருவாகக் குழுவில் இருந்தார். பதினொருவர் கொண்ட அக்குழுவில் பெரும்பான்மையோர் அமெரிக்கர். 1907இல் எல் தியெம்போ என்ற நாளிதழைத் தொடங்கினார். 1917 முதல் இறுதிவரை தீவின் செனட் சபை உறுப்பினர்.

அவர் கொள்கையை அந்நாட்டு மக்கள் எல்லாரும் ஏற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விடுதலை வேண்டினோர் அவரை எதிர்த்தனர். ஒரு பேரரசின் பிடியிலிருந்து நழுவி இன்னொன்றின் மடியில் விழுவதா என்பது அவர்கள் கேள்வி. தம்மை நிறத்தால் ஒதுக்கிய நாட்டோடு இணைய அவர் ஏன் விரும்பினார் என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. நான் எண்ணிப் பார்த்தவரையில் விடை இதுதான்: கதவை மூடிய அமெரிக்காவையும் அவர் கண்டார், கதவைத் திறந்த அமெரிக்காவையும் கண்டார். திறந்த கதவையே அவர் நம்பினார். அந்நம்பிக்கை முழுவதும் பலித்தது என்று சொல்வதற்கில்லை. தீவின் அரசியல் நிலை பற்றிய வாதம் இன்றளவும் தீரவில்லை. எனினும் ஒருவர் கொள்கையோடு நாம் உடன்பட்டால்தான் அவர் உழைப்பைப் போற்ற வேண்டும் என்பது இல்லை.

அவர் படித்த மிச்சிகன் பல்கலைக் கழகம் 1903இல் அவருக்கு மதிப்புறு பட்டம் அளித்தது. அவர் இளமையில் தீவில் இல்லாமல் இருந்த பல்கலைக் கழகம் தோன்றி, 1917இல் அதுவும் மதிப்புறு பட்டம் தந்தது. 1921 செப்டம்பர் 21ஆம் நாள் சான் ஹுவானில் அவர் காலமானார். வயது அறுபத்துநான்கு. அதே 1921இல் அவர் மகள் பிலார் போர்ட்டோ ரிக்கோப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியர் ஆனார். அங்கே ஆசிரியராய் அமர்ந்த முதல் பெண்மணி அவர்தாம். பின்னர் வரலாற்றாசிரியராகப் புகழ் பெற்று, தந்தையின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். பார்போசாவின் பிறந்த நாள் அத்தீவில் பல ஆண்டுகள் பொது விடுமுறையாக இருந்தது. பயமோனில் அவர் பிறந்த வீடு நினைவகமாக விளங்குகிறது.

நாம் செய்யக்கூடியது

இவ்வரலாற்றைப் படித்து முடித்தபோது, ஊக்கமும் உழைப்பும் இருந்தால் எதையும் அடையலாம் என்ற வழக்கமான பாடம் என் மனத்தில் எழவில்லை. பார்போசாவிடம் ஊக்கமும் உழைப்பும் குறைவின்றி இருந்தன. அவற்றோடு அவர் ஒரு கல்லூரி வாசலில் நின்றார், கதவு திறக்கவில்லை. பட்டத்தோடு தாய்நாட்டில் நின்றார், அங்கும் திறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் மேலே சென்றதற்கு அவர் உழைப்போடு வேறொருவர் கையும் வேண்டியிருந்தது. கூலி நட்டத்தைத் தாங்கிய சிற்றன்னை ஒருவர். படுக்கையருகே நின்று வழி சொன்ன டாக்டர் ஒருவர். முன்னே நடந்து பாதை போட்ட மாணவர் ஒருவர். எழுந்து பேசிய கான்சல் ஒருவர். இவர்களுள் ஒருவர் இல்லாமற் போயிருந்தாலும் அவர் கதை எப்படி முடிந்திருக்குமோ!

நான் பெட்டியை அவிழ்த்தேன். பக்கத்து அறையில் இருந்த நம் சங்கத்து அண்ணன் ஒருவரிடம் சென்று, என் தோல்வியைச் சொன்னேன். அதுவரை வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சிரிக்கவில்லை. தாமும் முதலாண்டில் அவ்வாறே திணறியதாகச் சொன்னார். அன்று முதல் இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் அவர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க, நான் ஆங்கிலத்தில் விடை சொல்வது என்று வைத்துக்கொண்டோம். முதல் வாரம் எலும்புகளின் பெயரைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. இரண்டாம் மாதத்தில் வாக்கியங்கள் வந்தன. மறுதேர்வில் தேறினேன். மதிப்பெண் பெருமைப்படும்படி இல்லை, ஆனால் தேறினேன். என் தந்தையாருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அவர் வேலை நடந்த இடத்தில் சுண்ணாம்புக் கையோடு பேசினார். அதிகம் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

ஆண்டுதோறும் நம் ஊர்களிலிருந்து புதிய மாணவர்கள் இங்கே வந்து இறங்குகிறார்கள். அவர்களுள் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் பலர். அவர்கள் நம்மிடம் வந்து கேட்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. ஆகவே நாமே சென்று கேட்க வேண்டும். பொங்கல் விழாவும் நாடகமும் நம் சங்கத்துக்கு அழகுதான். அவற்றோடு, இரவு ஒரு மணி நேரம், ஒரு மூத்தவருக்கு ஓர் இளையவர் என்ற ஏற்பாட்டையும் நாம் செய்துகொண்டால் என்ன? அடுத்த பொதுக்குழுவில் இதை நான் முன்மொழிய இருக்கிறேன். ஆதரிக்க விரும்புவோர் என் அறைக்கு வந்து பெயர் கொடுக்கலாம். முதல் பெயராக என் பெயரை நானே எழுதி வைத்திருக்கிறேன்.